புகைமூட்டம் வந்த அன்று எங்கள் வீட்டு ஆயுத பூஜை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் போய்விட்டு வேலைக்குப் போய்விட்டார். இப்போது அவர் கில்லாங் பஸ், அதாவது தொழிற்சாலை பஸ், ஓட்டுகிறார். பட்டர்வொர்த்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, பினாங்குத் தீவில் உள்ள தொழிற்சாலைகளின் வாசலில் இறக்கிவிடுகிற பஸ். அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றின் கேண்டீனில்தான் அம்மா சமைக்கிறார். இவர்களுடைய மகள்தான் வளிமண்டல அறிவியலில் முதுநிலை ஆய்வு செய்தாள். சொல்லிப் பார்த்தால் எனக்கே இன்னும் இனிப்பாக இருக்கிறது.

ஆனால் என்ன படிக்கிறேன் என்று உறவுக்காரர்களுக்கு விளங்க வைப்பது பெரும்பாடு. ஒரு கல்யாண வீட்டில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"காத்தப் படிக்கிறியாமே? அதுல படிக்க என்னம்மா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வருஷா வருஷம் புகை வருதுல்லக்கா, அது எப்படி வருதுன்னு கண்டுபிடிக்கிறா."

"அதான் சுமத்ராவுல காட்ட எரிக்கிறான், இங்க வருதுன்னு டிவியிலயே சொல்லிட்டானே. இன்னும் என்னா கண்டுபிடிக்கிறது?"

அப்பா சாம்பார் வாளி வந்த பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் தெரியாவிட்டால் அவர் அப்படித்தான்.

பதில் என்னிடம் இருந்தது. புகைமூட்டம் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பினாங்குத் தீவின் நடுவே மலை நிற்கிறது. தீவுக்கும், பெருநிலக் கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் இடையில் ஒடுங்கிய கடல். பகலில் கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று வீசும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். சுமத்ராவிலிருந்து வருகிற புகை இந்த மலையையும் கடலையும் காற்றையும் தாண்டி, எந்தக் கரையில் முதலில் இறங்குகிறது, அடுத்த கரைக்கு எவ்வளவு தாமதித்துப் போகிறது? நாம் மூச்சு விடுகிற உயரத்தில் இதை யாரும் அருகருகே வைத்து அளந்து பார்க்கவில்லை என்று என் மேற்பார்வையாளர், நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுகிறவர், சொன்னார். அதுதான் என் ஆய்வு. அது வந்து இறங்குகிற அந்தச் சில மணி நேரம்தான் எனக்கு வேண்டியது. மற்ற மாதங்களெல்லாம் அதற்காகக் காத்திருப்பதுதான்.

ஒரே மாதிரி இரண்டு கருவிகள் கொடுத்தார்கள். பால்மாவு டின் அளவில் வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும். ஓர் ஒளிக்கீற்று அந்தக் காற்றில் உள்ள தூசியை எண்ணும். எண்ணியதை ஒரு மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி தீவில் உள்ள பல்கலைக்கழக மாடியில். இன்னொன்றைக் கடலின் பட்டர்வொர்த் பக்கம் வைக்க நம்பிக்கையான இடம் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, யோசிக்காமல் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியைச் சொன்னேன். கடலைப் பார்த்த பால்கனி. துணி காயப்போடுகிற கம்பிக்கு மேலே அப்பாவே துளை போட்டு மாட்டினார். நான் மட்டம் பார்ப்பதற்குள் அவர் இரண்டு முறை பார்த்திருந்தார்.

நான் விடுதியில் தங்கியிருந்தேன். வார இறுதியில் ஃபெரி ஏறி வீட்டுக்கு வந்து கார்டை எடுத்துக்கொண்டு போவேன். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சில விதிகள் போட்டேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பால்கனிப் பக்கம் ஊதுவத்தி கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் பால்கனிக் கதவைச் சாத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி அதையும் சுமத்ரா கணக்கில் சேர்த்துவிடும்.

"சாமிக்கே கதவைச் சாத்தச் சொல்றா பாருங்க" என்றார் அம்மா. ஆனால் சாத்தினார்.

அப்பா அதற்கும் மேலே போனார். பஸ்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் பால்கனிக்குத்தான் போவாராம். அவ்வப்போது எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். வெள்ளைப் பெட்டி, பச்சைப் புள்ளி. எழுத்து எதுவும் இருக்காது. அவருக்குத் தட்டச்சு செய்ய வராது. அந்தப் படம்தான் அவருடைய கடிதம்.

அந்த ஆண்டு புகை நெடுநாள் வரவில்லை. சுமத்ராவில் தீ இருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின, ஆனால் காற்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நவராத்திரி தொடங்கியபோதுதான் காற்று எங்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வர முடியாது, மாடியில் உள்ள பெட்டியோடு இருக்க வேண்டும் என்று போனில் சொன்னேன்.

"சுண்டலை யாரு திங்கிறதாம்?" என்றார் அம்மா.

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "படிப்புக்குத்தானே பூஜையே. நீ அங்கயே இரு பாப்பா. இங்க நான் பாத்துக்கிறேன்."

பூஜையன்று காலை வானம் சுத்தமாக இருந்தது. மதியத்துக்குப் பிறகு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரைக்குப் பின்னால் இருந்த மலைகள் முதலில் மங்கின. பிறகு துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். பிறகு கரையே இல்லாமல் போய், கடலின் நடுவில் ஒரு கப்பல் மட்டும் எதிலும் ஒட்டாமல் நின்றது. எரிந்த வைக்கோல் வாசம் வந்தது. கீழே எல்லோரும் சன்னல்களை மூடிக்கொண்டிருந்தார்கள். மாடியில் முகக்கவசத்துக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் பெட்டியில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் இன்னொரு பெட்டியும் இதையே எழுதிக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் ஆய்வேடு.

அப்போதுதான் அப்பாவின் படம் வந்தது. பெட்டியைத் துடைத்து, நெற்றி மாதிரி முன்பக்கத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே ஒரு முழம் மல்லிகை. கீழே தட்டில் எலுமிச்சம்பழம். பஸ்ஸுக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் என் பெட்டிக்கும். கீழே அம்மாவின் கரண்டியும் அப்பாவின் பஸ் சாவியும் அந்தத் தட்டில் இருந்தன. ஓர் இதயம் அனுப்பினேன். மாடிக்கு வந்த டாக்டரிடமும் காட்டினேன். அவர் மலாய்க்காரர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் பெட்டி நம்ம பெட்டியை விட அழகா இருக்கு" என்றார்.

அந்த வார இறுதியில் ஃபெரியில் வரும்போது இன்னும் புகை இருந்தது. பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எனக்காக எடுத்துவைத்திருந்த சுண்டலைச் சூடாக்கப் போனார். நான் கார்டை மடிக்கணினியில் போட்டேன்.

பூஜையன்று காலை வரை எண்கள் ஒழுங்காக இருந்தன. அதன் பிறகு எதுவும் இல்லை. அடுத்த எண் விஜயதசமி காலையில் இருந்தது, புகை எல்லாம் வந்து இறங்கி முடிந்த பிறகு.

கார்டு கெட்டுவிட்டதோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மல்லிகைச் சரத்துக்குக் கீழே பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

அப்பா சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கார்டைத் திறக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் உட்காருவார், பரீட்சை முடிவு வருகிற மாதிரி.

"அப்பா, பூஜையன்னிக்குப் பெட்டிய அடைச்சீங்களா?"

"ஆமா பாப்பா. சாம்பிராணி புகை உள்ள போகக்கூடாதுன்னு நீதானே சொன்ன. பெட்டிக்கே பூஜை, கதவைச் சாத்திட்டு எப்படிப் போடுறது? அதான் சுவிச்ச அடைச்சிட்டுப் போட்டோம்." அவர் முகத்தில் சந்தோஷம். விதியை மறக்கவில்லை பார் என்கிற சந்தோஷம்.

"அப்புறம் தொறக்கலையா?"

"பூஜையில வச்சதை அன்னிக்கே எப்படித் தொறக்கிறது? பஸ்சையே நான் எடுக்கலையே, லீவு போட்டுட்டேன்ல. வருஷம் முழுக்க உனக்காக ஓடுது, அதுக்கும் ஒருநாள் ஓய்வு வேணாமா? மறுநாள் காலையில குளிச்சிட்டு, சாமி கும்பிட்டு நானே தொறந்தேன். ஒடனே பச்சை லைட்டு வந்திடுச்சு. சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்குப்பா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? நான் போட்ட விதியைக் காப்பாற்றத்தான் அவர் அணைத்தார். அவருக்குத் தெரிந்த மரியாதையைச் செய்யத்தான் அணைத்தே வைத்தார். அவர் கைப்பட்ட எந்த எந்திரத்தையும் அந்த நாளில் அவர் தொட்டதில்லை. என் பெட்டி அவருக்கு வெறும் பெட்டி இல்லை, மகளின் ஆயுதம். எதற்காக அவர் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார். சொன்னேன். புகை வருகிற நேரம்தான் ஆய்வு, அந்த நேரம் இந்தக் கரையில் பதிவாகவில்லை, இந்த வருடம் மறுபடி வராவிட்டால் என் ஆய்வில் பாதி இல்லை என்று. அம்மாவுக்கு அது முழுதாக விளங்கியது. கேண்டீனில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் கேஸ் தீர்ந்துபோன மாதிரி என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு ஒருநாள் சொன்னார்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா."

"சொல்லாம விட்டா அடுத்த வருஷமும் செய்வாரு" என்ற அம்மா, அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏங்க, நீங்க அடைச்சு வச்ச அன்னிக்குத்தான் புகை வந்திருக்கு. பிள்ளைக்கு வேண்டியது அன்னிக்கு வந்ததுதானாம். பெட்டி தூங்கியிருக்கு."

நான் எட்டிப் பார்த்தபோது அப்பா பால்கனியில் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். குங்குமம் இன்னும் இருந்தது. அவர் வெளியே மங்கலாக இருந்த கடலைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மறுபடி வராதா?"

"எதுப்பா?"

"புகைதான்."

"வரலாம்பா. இது போயிட்டு இன்னொண்ணு வரலாம். காத்தப் பொறுத்தது."

"வரும்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

திங்கள்கிழமை டாக்டரிடம் போய் நின்றேன். மின்தடை என்று சொல்லிவிடலாமா என்று ஃபெரியில் யோசித்திருந்தேன். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் சந்தனம் பூசிய படத்தை ஏற்கெனவே அவருக்குக் காட்டியாகிவிட்டது. உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"இந்தப் பூஜை வருஷா வருஷம் ஒரே தேதியிலயா?"

"இல்ல டாக்டர். நிலவைப் பார்த்து மாறும்."

"எங்க ராயா பெருநாள் மாதிரி" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஆனா இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. உன்கிட்ட வேற என்ன இருக்குன்னு பாரு."

வேறு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே மழை வந்து புகை கலைந்தது. ஊரே பெருமூச்சு விட்டது, எங்கள் வீட்டைத் தவிர. அப்பா பஸ்சை ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்.

"பாப்பா, பாலத்துலேர்ந்து பாத்தேன், மலை தெரியல. புகையா?"

"மழை மேகம்பா."

இன்னொரு நாள், "பிறை தொழிற்பேட்டை பக்கம் ஒரு வாசம் வருது."

"அது யாரோ குப்பைய எரிக்கிறாங்கப்பா."

"ஓ" என்பார். ஏமாற்றத்தை மறைக்க அவருக்குத் தெரியாது. இரவில் வீட்டிலிருந்து அப்பா பேசினால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வார். "ஊரே இருமி இப்பத்தான் ஓஞ்சிருக்கு. இவரு புகை வரணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிறாரு. பஸ்ல வர்ற பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சா இறக்கி விட்டு அடிப்பாங்க." பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும். "லேசா வந்தாப் போதும்னுதான்லா வேண்டிக்கிட்டேன்."

புகை வரவில்லை. காற்று மாறி வடகிழக்கிலிருந்து வீசியது. மாலை மழை தினமும் வரத் தொடங்கியபோது இந்த ஆண்டுக்கு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு ஆண்டு காத்திருக்க எனக்கு அனுமதி இல்லை. சில நாள் ஆய்வறைக்குப் போகவே பிடிக்கவில்லை. குடும்பத்தில் முதலில் படித்தவள் முதலில் தோற்றவளாகவும் ஆகிவிடுவாளோ என்று பயந்தேன். என் தோல்வி எனக்கு மட்டும் உரியதில்லை. அத்தை உட்படப் பலருக்கும் அதில் பங்கு இருந்தது.

ஒரு பகலில், வேறு வேலை இல்லாமல், இருக்கிற எண்களையே இரண்டு கோடுகளாக வரைந்து பார்த்தேன். ஒன்று தீவு, ஒன்று எங்கள் பால்கனி. புகை வந்த நாளில் பால்கனிக் கோடு அறுந்து கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க, கண்ணைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனேன். மழை வந்த மாலை இரண்டு கோடுகளும் சேர்ந்து கீழே இறங்கின. தீவுக் கோடு இறங்கியது இறங்கியபடி இருந்தது. பால்கனிக் கோடு மறுநாள் விடியும் முன் மீண்டும் ஏறியிருந்தது. வெயில் வந்ததும் இறங்கி, அடுத்த விடியலில் திரும்பவும் கொஞ்சம் ஏறி, அதன் பிறகுதான் அடங்கியது.

கருவிக் கோளாறு என்று நினைத்து, காற்றின் திசையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். கோளாறு இல்லை. மழைக்குப் பிறகு புகை பெருநிலத்தின் உட்பகுதிக்கு ஒதுங்கியிருக்கிறது. இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று அதைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் பக்கம் வரை வந்து, கடலைத் தாண்டாமல் நின்றிருக்கிறது. புகை வந்த விதம் எனக்குக் கிடைக்கவில்லை. அது போன விதம் இரண்டு கரையிலும் முழுசாக இருந்தது.

டாக்டரிடம் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தலைப்பை மாத்தணும்" என்றார். எனக்கு அது போதும்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அப்பாவுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்தார். கோட்டைக் காட்டி விளக்கினேன். புகை போகிற மாதிரி போய், விடியலில் திரும்பி வந்து, வெயிலில் போய், மறுபடியும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது என்றேன்.

"உங்க அக்கா மாதிரி" என்றார் அம்மா அப்பாவிடம். "செருப்பெல்லாம் போட்டுட்டு வாசல்ல நின்னு இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாங்களே."

அப்பா சிரித்துவிட்டார். பூஜைக்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றிய பேச்சில் அவர் சிரித்தது அன்றுதான்.

ஆய்வேட்டில் அந்த இடைவெளிக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. வீட்டாரின் ஆண்டு வழிபாட்டு வழக்கப்படி அன்று கருவிக்கு ஓய்வு தரப்பட்டதால் பதிவு இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். டாக்டர் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி நேராக அங்கேதான் விரல் வைத்தார். கருவிக்கு எதற்கு ஓய்வு என்று கேட்டார். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் பிழைப்புக்கு உதவுகிற எதையும் வருடத்தில் ஒருநாள் கழுவி, பொட்டு வைத்து, வேலை வாங்காமல் விடுவோம் என்றேன். என் தந்தை பஸ் ஓட்டுநர், அவருடைய பஸ்ஸுக்குத் தருகிற மரியாதையை என் கருவிக்கும் தந்தார் என்றேன். அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கிருந்து, புகை திரும்பி வந்த விடியல்களைப் பற்றி, மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கேட்டார்.

தேர்ச்சி என்று போனில் சொல்லிவிட்டேன். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் அப்பா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினார்.

"என்னென்ன கேட்டாங்க?"

"காத்தப் பத்திக் கேட்டாங்க. மழையப் பத்தி. முதல்ல உங்களப் பத்திக் கேட்டாங்க."

அவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னையவா? அந்த அடைச்சதா?"

"ஆமா."

"திட்டினாங்களா?"

"இல்லப்பா. ஏன் அடைச்சீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"இங்கிலீஷ்லயா சொன்ன?"

"இங்கிலீஷ்லதான்."

"இங்க வா" என்று அம்மாவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். "யுனிவர்சிட்டியில என்னையப் பத்திக் கேட்டிருக்காங்களாம்."

"கேக்காம? செஞ்ச வேலை அப்படி" என்றார் அம்மா. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னா சொன்னேன்னு மொதல்ல இங்கிலீஷ்ல சொல்லு" என்றார் அப்பா. "அப்புறம் தமிழ்ல சொல்லு."

சொன்னேன்.